ராத்திரியில் தானாக நிரம்பும் தொட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

கழிப்பறையைப் பற்றிப் பேச அழைத்த நிலையத்தாருக்கு முதலில் நன்றி. குழாய் வேலையில் எனக்கு முப்பது வருடம் ஆகப்போகிறது. சமையலறைக் குழாய் ஒழுகினால் உடனே ஆளைக் கூப்பிடுகிறவர்கள், கழிப்பறையில் சத்தம் வந்தால் மட்டும் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதவுக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைப் பேச வந்தேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தரைத்தளத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருந்தார். ராத்திரி படுத்தால் சுவருக்குள்ளிருந்து ‘ஊம்ம்ம்’ என்று ஒரு சத்தம். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவார்களே, அதுபோல ஒரே சுருதியில் பத்துப் பதினைந்து விநாடி இழுத்துவிட்டு நின்றுவிடும். மகன் வந்து கேட்டுவிட்டு மோட்டார் சத்தம் என்றார். வாட்ச்மேன் மோட்டாரை நிறுத்தி வைத்துப் பார்த்தார், சத்தம் போகவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த அம்மா என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். “தம்பி, இது பேயும் இல்ல, பிசாசும் இல்ல, எனக்குத் தெரியும். ஆனா என்னன்னு நீ பாத்துச் சொல்லிடு” என்றார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள் மூன்றை என் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலால் நேரம் குறித்திருந்தது. முதல் தாளில் 11.10, 11.50, 12.30, 1.10. அடுத்த தாள்களில் மணி வேறு, ஆனால் இடைவெளி அதேதான். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை.

தாள்களைப் பார்த்ததுமே எனக்குப் பழுது பிடிபட்டது. எந்த மனிதரும் நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை தவறாமல் எழுந்து கழிப்பறைக்குப் போவதில்லை. எங்கேயோ ஒரு ஃப்ளஷ் டேங்க், ஆளே இல்லாமல் தானாக இறங்கித் தானாக நிரம்புகிறது. அந்த அம்மா வீட்டு டேங்க் சரியாகவே இருந்தது. நேர் மேலே, முதல் மாடி வீடு பூட்டிக் கிடந்தது. மகள் பிரசவத்துக்காக வீட்டுக்காரர்கள் வெளிநாடு போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மொட்டை மாடிக்குப் போய், அந்த வீட்டுக்கு இறங்கும் லைனின் கேட் வால்வை மூடினேன். அன்று ராத்திரி சத்தமே இல்லை.

சரி, அந்தப் பூட்டிய வீட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது?

ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் வர ஒரு வாசல், போக ஒரு வாசல். வரும் வாசலில் இருப்பதை நாங்கள் பால் காக் என்போம். ஒரு மிதவை, அதனோடு சேர்ந்த ஒரு வால்வு. தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறி வால்வை மூடிவிடும். போகும் வாசல் டேங்கின் அடியில் இருக்கிறது. ரப்பர் அல்லது சிலிக்கான் வளையம் ஒன்று அதை அடைத்துக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்தினால் அது தூக்கிக்கொள்ளும், தண்ணீர் கம்மோடுக்குள் பாயும். பக்கத்திலேயே நட்டுக்குத்தலாக ஒரு ஓவர்ஃப்ளோ பைப். பால் காக் மூடாமல் போனால் அதிகத் தண்ணீர் அதன் வழியாகக் கம்மோடுக்குள் போய்விடும், வீட்டுத் தரை நனையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தரை நனையாததாலேயே, ஒழுகுவது யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்த முதல் மாடி வீட்டில் பழுது இரண்டு. அடி வளையத்தில் உப்பு படிந்து விளிம்பு சொரசொரப்பாகியிருந்தது. அந்த இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக டேங்க் இறங்கியது. குறிப்பிட்ட அளவு இறங்கியதும் மிதவை தாழ்ந்து பால் காக் திறந்தது, மறுபடி நிரம்பியது. இது ஒன்று. நிரம்பி முடியும் நேரத்தில் பால் காக் மெல்ல மெல்ல மூட வேண்டும். அதன் வாஷர் தேய்ந்து தளர்ந்திருந்ததால் மூடும் நேரத்தில் படபடவென்று அதிர்ந்தது. நாதஸ்வரத்தின் ஊதும் முனையில் வைக்கிற சீவாளி அதிர்வதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அந்த அதிர்வைச் சுவரில் இறங்கும் குழாய் வாங்கிக்கொண்டு, கீழே அந்த அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் கொண்டுவந்து விட்டது. குழாயில் சத்தம் வெகுதூரம் போகும். கேட்கிற இடத்தில்தான் பழுது என்று நம்பிச் சுவரை உடைத்தவர்கள் உண்டு, தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

சாவி வந்த பிறகு டேங்கில் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர் இறங்கியது. ஒரு நாளில் 36 தடவை, அதாவது 72 லிட்டர். இரண்டு மாதத்தில் நாலாயிரம் லிட்டருக்கு மேல், ஆளில்லாத வீட்டில். 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 50 வேகன், ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். குடத்தோடு லாரிக்காக நின்றவர்களில் என் வீட்டாரும் உண்டு. அதே ஊரில் ஒரு வளையம் சரியில்லாமல் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் ‘உஸ்ஸ்’ என்று விடாமல் சத்தம் கேட்கிறதா? டேங்க் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அது பீங்கானாக இருந்தால் பத்திரம், தரையில் துணி விரித்து அதன்மேல் வையுங்கள். தண்ணீர் ஓவர்ஃப்ளோ பைப்பின் வாயைத் தொட்டு உள்ளே வழிந்துகொண்டிருந்தால் பழுது பால் காக்கில். தண்ணீர் மட்டம் அந்த வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்பதுதான் சரி. மட்டம் கீழேயே இருந்தும் சத்தம் கேட்டால், அடி வளையத்தைச் சந்தேகப்படுங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. கேசரிப் பவுடரை ஒரு சிட்டிகை எடுத்து டேங்க் தண்ணீரில் கலந்துவிடுங்கள். அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். அப்புறம் கம்மோடுக்குள் பாருங்கள். அங்கே நிறம் வந்திருந்தால், டேங்கிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. ஓவர்ஃப்ளோவிலும் வழியவில்லை என்றால் அது வளையத்தின் கசிவுதான். பார்த்து முடித்ததும் இரண்டு தடவை ஃப்ளஷ் செய்துவிடுங்கள், கறை தங்காது.

பால் காக்கில் பழுது என்றால் முதலில் மிதவையைப் பாருங்கள். பழைய பந்து மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டும்போது உள்ளே தண்ணீர் சலசலத்தால் அது ஓட்டை. பந்தை மாற்றிவிடுங்கள். மிதவை நன்றாக இருந்து மட்டம் மட்டும் அதிகமாக இருந்தால், அதற்கென்று உள்ள திருகைத் திருப்பி மிதவையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். பித்தளைக் கம்பி வைத்த பழைய மாதிரியில் கம்பியை மெல்லக் கீழ்நோக்கி வளைப்போம். இதற்கும் அடங்கவில்லை என்றால் வால்வுக்குள் மண்ணோ உப்போ இருக்கும். மொட்டை மாடித் தொட்டியைக் கழுவிய மறுநாள்தான் எனக்கு இந்த மாதிரி போன் அதிகம் வரும். கலங்கிய வண்டல் நேராக வந்து பால் காக் வாயில் உட்கார்ந்துகொள்கிறது. சுவரோரம் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். டேங்குக்குப் போகும் ஹோஸைக் கழற்றி முனையை ஒரு வாளிக்குள் பிடித்துக்கொண்டு, வால்வை ஒரு நொடி திறந்து மூடுங்கள். கறுப்பும் பழுப்புமாக வந்து விழுவதைப் பார்த்தாலே விஷயம் புரியும். ஹோஸ் சேரும் இடத்தில் பெரும்பாலும் ஒரு குட்டி வலை இருக்கும், அதையும் கழுவுங்கள்.

வளையத்துக்கு இவ்வளவுகூட வேண்டாம். ஆங்கிள் வால்வை மூடி, ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலியாக்குங்கள். பட்டனோடு சேர்ந்த அந்த நடுப்பகுதி, பெரும்பாலான மாடல்களில் கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வந்துவிடும். அடியில் உள்ள வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். போர்வெல் தண்ணீர் வீடுகளில் வெள்ளையாக உப்பு ஒட்டியிருக்கும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டு ஊறவைத்துத் துடைத்தால் போய்விடும். வளையம் விறைத்து, நகத்தால் அழுத்தினால் குழியாமல் இருந்தால் புதிது போடுங்கள், விலை குறைவுதான். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், அளவு மாடலுக்கு ஒன்றாக இருக்கும்.

ஆசிட்டை மட்டும் டேங்குக்குள் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் உலோகத் திருகுகளும் ரப்பரும் கெட்டுப்போகும். அதைவிட முக்கியம், ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

டேங்க் சுவருக்குள் புதைந்திருக்கிறதே, டைல்ஸை உடைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பட்டன் இருக்கும் அந்தத் தகடே கழன்று வரும். அதன் பின்னால் உள்ள திறப்பு வழியாகத்தான் வாஷரும் வளையமும் மாற்றுவது.

அந்த ‘ஊம்ம்ம்’ ஒத்துச் சத்தம் மட்டும் கேட்கிறவர்கள், டேங்க் நிரம்பும்போது ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பாருங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ பால் காக் வாஷர்தான் குற்றவாளி. தண்ணீரின் வேகம் குறைந்தால் அதிர்வும் அடங்கும். வாஷர் வாங்கும் வரை அப்படியே விட்டுவைக்கலாம். மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ ஒரு கிலோ பிரஷர் கூடும், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. அதனால்தான் ஒரே பழுது மேல்மாடியில் முனகலாகவும் கீழ்த்தளத்தில் ஊளையாகவும் கேட்கிறது. பிரஷர் பம்ப் வைத்த கட்டடங்களில் மேல்மாடிக்கும் விலக்கு இல்லை.

நிரம்பி முடிந்ததும் சுவருக்குள் ‘டம்’ என்று யாரோ இடித்த மாதிரி கேட்டால் அது வேறு. ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது குழாயில் அழுத்தம் பாய்கிறது. 1898-இல் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களை ஆராய்ந்து ஷுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் இதற்குக் கணக்குச் சொன்னார். இரும்புக் குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் பத்து கிலோவுக்கு மேல் அழுத்தம் ஏறும். பிளாஸ்டிக் குழாயில் இதைவிடக் குறைவு, ஆனாலும் சுவரோடு பிடித்திருக்கும் க்ளாம்ப் தளர்ந்த குழாய் சுவரில் மோத அது போதும். க்ளாம்பை இறுக்கி, நடுவில் ரப்பர் வையுங்கள்.

இன்னொரு சத்தம் இருக்கிறது. ஃப்ளஷ் செய்ததும் ‘களுக் களுக்’ என்று கம்மோடு விழுங்குவது, அல்லது பக்கத்துக் குளியலறையில் தண்ணீர் விட்டால் இங்கே நிற்கும் தண்ணீர் ஆடுவது. இது டேங்க் சம்பந்தப்பட்டது கிடையாது. கம்மோடின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, கீழிருந்து வரும் நாற்றத்தைத் தடுக்கிறது. 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர் காப்புரிமை வாங்கிய வளைவின் வழிவந்தது அது. கழிவுக் குழாய்க்குக் காற்று கிடைக்காவிட்டால், அந்த வளைவு வழியாகவே காற்றை இழுக்கும். அதுதான் களுக் சத்தம். மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயைப் பாருங்கள். மூடி உடைந்து இலை அடைத்திருக்கலாம், குருவி கூடு கட்டியிருக்கலாம்.

அது திறந்திருந்தும் சத்தம் வந்தால் செப்டிக் டேங்க் நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம். நேயர்களே, இந்த இடத்தில் கெஞ்சியே கேட்கிறேன். உள்ளே ஆளை இறக்காதீர்கள். ஐந்நூறு கூடக் கொடுத்தால் இறங்குகிறேன் என்று அவரே சொன்னாலும் இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் விஷவாயு, ஆளை மேலே ஏறக்கூட விடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. குழாய் போட்டு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். லாரி வர இரண்டு நாள் ஆகும் என்றால் இரண்டு நாள் காத்திருங்கள்.

வேளச்சேரி அம்மாவின் முதல் மாடி வீட்டில் வாஷரும் வளையமும் மாற்ற எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கீழே இறங்கி வந்து, அந்தத் தாள்களை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்றும் என் கருவிப் பையில் இருக்கின்றன. வேலைக்குப் புதிதாகப் பையன் சேர்ந்தால், ஸ்பேனரைக் கொடுப்பதற்கு முன்னால் முதல் தாளை அவன் கையில் கொடுத்து, “இந்த நேரத்தையெல்லாம் படிச்சுப் பாருப்பா. பழுது எங்க இருக்கு?” என்று கேட்பேன்.

நன்றி, வணக்கம்.