தங்கி நின்ற பிள்ளைகள்

(மட்டக்களப்பு நகரோரப் பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, ஆசிரியப் பெருந்தகைகளே, பெற்றோரே, என் அன்புக்குரிய பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலிருந்து இந்த வித்தியாலயத்துக்குச் சைக்கிளில் வர இருபது நிமிடங்கூட ஆகாது. அந்தக் குறுகிய தூரமே இந்தப் பள்ளிக்கூடத்தின் பெருஞ்சோதனையாக இருந்து வருகிறது. நகரத்துக்குள் இருந்திருந்தால் பெயர் இருந்திருக்கும்; மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் உட்கிராமம் ஒன்றில் இருந்திருந்தால் கஷ்டப் பிரதேசம் என்ற கவனிப்பாவது கிடைத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே, பஸ் ஓடும் வீதியோரத்தில் இருப்பதனால், காலை ஏழு மணிக்கு நம்முடைய வாசலைத் தாண்டித்தான் நம்முடைய ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிய வான்கள் நகரத்துக்குப் போகின்றன.

இதேபோன்ற ஒரு நகரோரப் பாடசாலையில் நான் 22 ஆண்டுகள் கற்பித்தேன். பெரும்பாலும் தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளே எனக்குக் கிடைத்தன. ஒரு ஜனவரி மாதம், ஆறாம் தரத்தின் வகுப்பாசிரியனாக, ஐந்தாம் தரத்திலிருந்து வகுப்பேறி வந்த 31 பெயர்களையும் வரவுப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைத்தேன். மாதம் முடிவதற்குள், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, விடுகைப் பத்திரம் பெற்று நகரத்துப் பாடசாலைகளுக்குச் சென்ற 9 பெயர்களின் மேல் சிவப்பு மையால் கோடிழுக்க வேண்டியதாயிற்று. எங்கே படித்தாலும் அவை நம்முடைய பிள்ளைகள்தான். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் கடைசிக் கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது, முன்வாங்கில் இருந்த ஒரு சிறுவன் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "சேர், அப்ப நாங்க மிச்சப் பேரெல்லாம் பெயிலா?" என்று கேட்டான். அவனுக்கு வயது பத்து. அந்தக் கேள்விக்கு நான் அன்று சொன்ன பதில் எனக்கு நினைவில்லை. கேள்வி மட்டும் இன்றுவரை போகவில்லை.

புலமைப்பரிசில் எதற்காக வந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். 1940களில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியையும் மத்திய மகா வித்தியாலயங்களையும் கொண்டுவந்தபோது, இடைநிலைப் பள்ளிக்கூடமே இல்லாத தூரக் கிராமத்து ஏழைப் பிள்ளை ஒன்று விடுதியில் தங்கி, உதவிப்பணம் பெற்றுப் படிக்க ஒரு வாசல் தேவைப்பட்டது. அந்த வாசல்தான் புலமைப்பரிசில். நம்முடைய மாவட்டத்தில் வந்தாறுமூலையில் எழுந்த மத்திய கல்லூரி அப்படிப் பலரை ஏற்றிவிட்டது. 1981இல் அதே வளாகத்தில்தான் இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விதை ஊன்றப்பட்டது. முப்பது மைல் தொலைவிலிருந்த பிள்ளைக்காகத் திறந்த வாசல், இன்று மூன்று கிலோமீற்றர் தொலைவிலிருக்கும் பிள்ளையை, நல்ல பள்ளிக்கூடம் ஒன்று வீட்டருகே இருக்கும்போதே, அங்கிருந்து பிரித்தெடுக்கும் சல்லடையாகிவிட்டது. கண்ணியை விட்டுக் கீழே விழுந்தவர்கள் என்று மற்றப் பிள்ளைகளை யாரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் அவர்களுக்கு அது தெரிகிறது.

ஆறாம் தரத்தில் ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று சற்றே நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் தரம் வரை ஒரு வகுப்பறை, ஒரு டீச்சர். காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவரும் அவர், கணக்குச் சொல்லித் தருபவரும் அவர். ஆறாம் தரத்துக்கு வந்ததும், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்க, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வோர் ஆசிரியர் வருகிறார். சமயம், தமிழ், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், இரண்டாம் மொழியாகச் சிங்களம், வரலாறு, புவியியல், குடியியல் என்று நான் கற்பித்த காலத்தில் பாடங்கள் ஒரு டசினை எட்டின. வீட்டிலும் அதே வயதில்தான் மாற்றங்கள் நிகழ்கின்றன. தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருக்க அம்மம்மாவின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் என் எல்லா வகுப்புகளிலும் இருந்தார்கள். அம்மம்மா சோறு கொடுப்பார், தலை வாரிவிடுவார். ஏழாம் தரத்துப் பின்னக் கணக்கை அவரிடம் கேட்க முடியாது. பாடநூல் 1980இலிருந்தும் சீருடைத் துணி 1993இலிருந்தும் அரசாங்கத்தால் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த நூலைத் திறந்து பக்கத்தில் உட்காரும் ஒருவரை அரசாங்கத்தால் தர முடியவில்லை.

1998இல் கட்டாயக் கல்வி வயது 14 வரை என்று வகுக்கப்பட்டு, 2016இல் 16 வரை உயர்த்தப்பட்டது. நல்ல சட்டந்தான். ஆயினும் எட்டாம், ஒன்பதாம் தரங்களில் பிள்ளை ஒருநாளில் நின்றுவிடுவதில்லை. முதலில் திங்கட்கிழமை வரமாட்டான். பிறகு மழைநாளில் வரமாட்டான். பிறகு தவணைப் பரீட்சைக்கு மட்டும் வருவான். வரவுப் பதிவேட்டை வாசிக்கத் தெரிந்த ஆசிரியருக்கு அது மூன்று மாதம் முன்னரே தெரிந்துவிடும்.

அப்படி மெல்ல மெல்ல நழுவிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் தரம். தகப்பனோடு விடியப்புறம் வாவியில் வீச்சு வலை வீசிவிட்டு, ஈரத் தலையோடு இரண்டாம் பாடவேளைக்கு வருவான். பிந்தி வந்ததற்காக வாசலில் நிறுத்தப்படுவான். ஒருநாள் நன்னீர், உவர்நீர் பற்றிய பாடம். புத்தகத்தில் இருந்த நான்கு வரிகளை நான் வாசித்து முடித்ததும், வாசலில் நின்றபடியே அவன் கையை உயர்த்தினான். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள்ளும் வளவுக்குள்ளும் தண்ணீர் ஏறும்போது பாலமீன்மட்டு முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டிவிடுவார்கள் என்று தொடங்கினான். "தண்ணி கடலுக்குப் பாயக்குள்ள இறாலும் அதோட ஓடும் சேர். அப்ப அப்பாக்கு ராவு முழுக்க வலைதான். மறுகா கடல்தண்ணி உள்ள வரும். கொஞ்ச நாளால வாவித்தண்ணிய நக்கிப் பாத்தா உப்புக் கரிக்கும்." இறால் கடலில் முட்டையிடுகிறது, குஞ்சுகள் முகத்துவாரத்தால் வாவிக்குள் வந்து வளர்கின்றன, வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகின்றன என்ற பாடத்தை அவனுடைய அந்தப் பேச்சின் மேல்தான் நான் கட்டினேன். கரும்பலகையில் வாவியை வரையச் சொன்னேன். கல்லடிப் பாலத்தை ஒரு கோடாக இழுத்து, ஒவ்வொரு துறையையும் பெயர் சொல்லிக் குறித்தான். வகுப்பு மூச்சுவிடவில்லை. அடுத்த நாள் முதலாம் பாடவேளைக்கே வந்துவிட்டான்; தகப்பனிடம் கெஞ்சி, அரைமணி முந்திக் கரைக்கு வந்ததாகச் சொன்னான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் பையன் நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றில், நாற்பத்தைந்து பேர் நெருங்கி இருக்கும் வகுப்பில் கையை உயர்த்தியிருப்பானா என்பது எனக்குச் சந்தேகம். இங்கே ஆள் குறைவு. ஆகவே ஒவ்வோர் ஆளும் வேண்டும். இல்ல மெய்வல்லுனர் போட்டிக்குக் குருத்தோலை கட்டவும், அணிநடைக்குத் தலைமை தாங்கவும், வாணி விழாவுக்குக் கோலம் போடவும், கூத்துப் பழகும்போது சல்லரி என்னும் கைத்தாளம் பிடிக்கவும் இருக்கிற பிள்ளைகளைத்தான் அழைக்க வேண்டும். சத்தமாக வாசிக்கக் கூசிய ஒரு பெண்பிள்ளை, வடமோடிக் கூத்தின் தாளக்கட்டுக்கு ஆடக் களரியில் இறங்கிய பிறகு, தமிழ்ப் பாடத்தில் தானாகவே எழுந்து நின்று வாசித்ததை நான் கண்டிருக்கிறேன். விபுலானந்த அடிகள் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதும் அன்றைய நகரத்தின் நடுவில் இல்லை. பாலம் கடந்து, கல்லடி உப்போடையில்.

கல்வி அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நான் பணியாற்றிய இடத்தில் ஏழாம், எட்டாம் தரங்களுக்கு இரண்டு ஆண்டுகள் கணித ஆசிரியர் இருக்கவில்லை. கேட்டபோது, "சாதாரண தரத்துக்கு ஆள் இருக்குத்தானே" என்று பதில் வந்தது. ஏழாம் தரத்தில் அட்சரகணிதத்தின் முதற்படியைத் தவறவிட்ட பிள்ளைக்குப் பதினோராம் தரத்தில், சாதாரண தரப் பரீட்சைக்காக எந்த விசேட வகுப்பு வைத்தும் என்ன பயன்? பொதுப் பரீட்சை இல்லாத நான்கு ஆண்டுகள் என்பதனால் இவை கேட்பாரற்ற ஆண்டுகளாகிவிடக் கூடாது. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆளணியை நிரப்பும்போது இந்த வகுப்புகளிலிருந்து தொடங்குங்கள்.

பெற்றோரே, புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளையை நீங்கள் எங்கே சேர்த்தாலும் அது உங்கள் உரிமை. வெட்டுப்புள்ளிக்குக் கீழே எடுத்த பிள்ளையிடம், பெறுபேறு வந்த அன்று வீட்டில் என்ன சொல்கிறீர்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

பரிசு பெறும் பிள்ளைகளின் பெயர்களை அதிபர் அடுத்து வாசிப்பார். வடக்குக் கட்டிடத்தில் தரம் 8, 9 பிள்ளைகள், முகத்துவாரத்திலிருந்து தெற்கே நீளும் வாவி முழுவதையும் தரையில் மணலாலும் நீல நிறத் தூளாலும் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துறைக்கும் பக்கத்தில் ஒரு பிள்ளை விளக்கம் சொல்ல நிற்கிறது. காலை ஆறரை மணியிலிருந்து நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பரிசளிப்பு முடிந்ததும் யாரும் நேரே வீட்டுக்குப் போய்விடாமல் அங்கே ஒருமுறை வாருங்கள். நானும் வருகிறேன். நன்றி, வணக்கம்.