எல்லாப் பழியும் சர்க்கரைக்கா?

அனைவருக்கும் வணக்கம்.

டைப் 2 சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உடம்புக்கு எது வந்தாலும் காரணம் தயாராக இருக்கும். அசதியா, சர்க்கரை. மலச்சிக்கலா, தோல் வறட்சியா, கை மரத்துப்போகிறதா, அதுவும் சர்க்கரைதான். வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் சொல்லிவிடுவார். இப்போது நான் அடுக்கிய அத்தனையும் தைராய்டு குறைந்தாலும் வரும்.

தைராய்டு ஹார்மோன் குறைந்தால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் என்ற ஹார்மோனைக் கூட்டி தைராய்டு சுரப்பியை முடுக்கிவிடப் பார்க்கும். ஆகவே டிஎஸ்எச் ஏறினால் பெரும்பாலும் தைராய்டு மந்தம் என்று பொருள். அறிக்கையில் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு "எனக்குத் தைராய்டு அதிகம்" என்று சொல்லிக்கொண்டு திரிபவர்கள் ஏராளம்.

தைராய்டு மிகுந்தால் கல்லீரல் குளுக்கோஸைக் கொட்டும். குடல் வேகமாக உறிஞ்சும். இன்சுலினும் சீக்கிரம் கழிந்துவிடும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை எகிறுவது இதனாலும் இருக்கலாம்.

குறைந்தால் கதை சிக்கலாகிறது. தசைகள் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை. ஆனால் கல்லீரல் குளுக்கோஸை விடுவது குறையும், போட்ட இன்சுலினும் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். வழக்கமான அளவிலேயே ஒருவருக்குத் திடீரென்று தாழ்சர்க்கரை வரலாம். இந்த நேரத்தில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை வேறு ஏமாற்றும். புதிய சிவப்பணுக்கள் உருவாவது மந்தமாவதால் பழைய அணுக்கள் மிகுந்திருக்கும்; அவை நீண்ட நாள் குளுக்கோஸோடு கிடந்தவை. அதனால் அந்தச் சராசரி உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியலாம். அந்த எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டினால் என்னாகும்? ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் சர்க்கரையை இன்னும் கீழே தள்ளுகிறோம். எனக்கு இதில் பயம் அதிகம். விரலில் குத்திப் பார்க்கும் எண்ணும் எச்பிஏ1சியும் ஒத்துப்போகவில்லையென்றால் மருந்துச் சீட்டை மாற்றுமுன் டிஎஸ்எச் பாருங்கள். கெட்ட கொழுப்பு காரணமின்றி ஏறினாலும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போட்டதும் தசைவலி வந்தாலும் அப்படியே.

அதற்காக நினைத்த நேரத்தில் எல்லாம் பரிசோதிக்க வேண்டாம். கடும் காய்ச்சலில், சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறிக் கிடக்கும்போது, நல்ல தைராய்டும் தாறுமாறான எண்களைக் காட்டும். அவசரமான அறிகுறிகள் இல்லையென்றால் உடம்பு தேறியபின் பாருங்கள். முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதுவும் முடிவைக் கெடுக்கும். வயதானவர்களுக்கு டிஎஸ்எச் கொஞ்சம் ஏறியிருப்பதெல்லாம் நோயாகாது. டி4 என்ற தைராய்டு ஹார்மோன் சரியாக இருந்து டிஎஸ்எச் மட்டும் லேசாக ஏறிய 65 வயது தாண்டியவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களுக்கு மாத்திரை கொடுத்தும் அசதி குறையவில்லை.

இங்கே ஒரு சீட்டு வந்திருக்கிறது. "தைராய்டு மாத்திரை தொடங்கியதிலிருந்து சர்க்கரை ஏறுகிறது, நிறுத்திவிடலாமா?" நிறுத்தாதீர்கள் ஐயா. இன்சுலின் மறுபடி இயல்பான வேகத்தில் கழியத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் சரிசெய்ய வேண்டியது சர்க்கரை மருந்தின் அளவை. தைராய்டு மாத்திரையின் அளவே கூடிவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் எடுத்து, வீட்டில் குறித்த சர்க்கரை எண்களோடு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் போடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.