மெக்காலே அன்று லண்டனில் இல்லை

அனைவருக்கும் வணக்கம். அசைன்மென்ட்டுக்கு நம்பகமான ஆதாரங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொன்னார்கள். பொதுவாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. அதனால் உங்களில் பலரும் படித்திருக்கக்கூடிய ஒரு மேற்கோளையே எடுத்துக்கொள்கிறேன்.

"இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரரையோ ஒரு திருடரையோ பார்க்கவில்லை. இந்த நாட்டின் முதுகெலும்பை முறிக்க வேண்டுமானால் அதன் பழைய கல்விமுறையை மாற்ற வேண்டும்." இது 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், இந்தியாவில் ஆங்கிலவழிக் கல்விக்கு வழிவகுத்த பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலே பேசியது என்று போட்டிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் வரும், மேடைகளில் வரும், அச்சிட்ட புத்தகங்களிலும் வரும்.

சரி, தேதியை மட்டும் சோதித்துப் பார்ப்போம். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். ஊட்டிக்குப் போய், அங்கே தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பென்டிங்க்கைச் சந்தித்தார். அப்புறம் கல்கத்தா. இங்கிலாந்துக்குத் திரும்பியது 1838-ல். கப்பலில் மாதக்கணக்கில் போக வேண்டிய காலம் அது. 1835 பிப்ரவரியில் அவர் லண்டனில் பேசியிருக்க வழியே இல்லை. அதுமட்டுமா? தேர்தல் முடிந்து அந்த நாடாளுமன்றம் கூடியதே பிப்ரவரி 19-ஆம் தேதிதான். ஹான்சார்ட் என்னும் அதன் விவாதப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொஞ்ச நேரம் ஒதுக்கினால் நீங்களே பார்த்துவிடலாம்.

ஆனால் அந்தத் தேதி சும்மா வந்ததல்ல. அதே தேதியிட்டு கல்கத்தாவில் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பு ஒன்று உண்டு. 1920-ல் அரசு வெளியிட்ட ஆவணத் தொகுப்பில் அது அச்சாகியிருக்கிறது. மேலே சொன்ன புகழ்ச்சி அதில் இல்லை. தனக்கு சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு, நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு தட்டு, இந்தியா, அரேபியா இரண்டின் இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்கிறார். தெரியாத மொழிகளின் இலக்கியத்துக்கு விலை போடுகிற ஆணவத்தைப் பாருங்கள்! அவரை விமர்சிக்க விரும்பும் மாணவருக்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா? அசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நாம் போலியைப் பரப்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது? அந்தப் போலி நம் முன்னோரைப் புகழ்கிறது. கேட்க இதமாக இருப்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை. பத்து புத்தகங்களில் இருக்கிறதே என்பீர்கள். பத்தும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால், கணக்கில் அது ஓர் ஆதாரம்தான். முதலில் சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும், அவர் அப்போது எங்கே இருந்தார் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருங்கள்.

விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தேடலை அங்கே தொடங்கலாம். கட்டுரையின் அடியில் உள்ள சான்றுகளைத் திறந்து படித்துவிட்டு, அவற்றைக் காட்டுங்கள். ஆய்விதழில் வந்ததாலேயே ஒரு கட்டுரை சரியாகிவிடாது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-ல் லான்செட் என்னும் மருத்துவ இதழில்தான் வந்தது. அதில் பார்த்ததே 12 குழந்தைகளை. 2010-ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. எனவே கட்டுரை இன்னும் செல்லுபடியாகிறதா என்று இதழின் தளத்தில் ஒருமுறை பாருங்கள். சாட்ஜிபிடி தரும் நூற்பட்டியலில், உலகில் எங்குமே இல்லாத நூல்களும் இருக்கக்கூடும். 2023-ல் நியூயார்க்கில், அது இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்கள் 5,000 டாலர் அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. கையில் எடுத்துப் படிக்காத நூலை உங்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

முன்வரிசையில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலில் எத்தனை நூல் என்று எண்ணி மதிப்பெண் போடாதீர்கள். "இந்த மேற்கோளின் மூலத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை, ஆகவே பயன்படுத்தவில்லை" என்று ஒரு மாணவி அடிக்குறிப்பில் எழுதியிருந்தால், அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.