கண்ணாடித் தகட்டில் ஓர் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிளாக் ரிவர் ஃபால்ஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மர அறுவைத் தொழிலால் வளர்ந்த ஊர். 1911 அக்டோபரில் அடைமழை பெய்து, ஆற்றின் மேல்பக்கத்து அணைகள் தாங்காமல் போய், வெள்ளம் அந்த ஊரின் கடைவீதியை அடியோடு அரித்துக்கொண்டு போனது. செங்கல் கட்டடங்கள்கூட அப்படியே சரிந்து ஆற்றில் விழுந்தன. அதற்கு முன் அந்த வீதி எப்படி இருந்தது, எந்தக் கடைக்கு எந்தப் பெயர்ப்பலகை, வாசலில் யார் நின்றார்கள் என்பதையெல்லாம் இன்று நாம் கண்ணால் பார்க்க முடிகிறது என்றால் அதற்கு முதல் காரணம் சார்ல்ஸ் வான் ஸ்கைக். 1852-ல் பிறந்து 1946-ல் மறைந்தவர். அந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்.

ஸ்டூடியோக்காரர் என்றால் எல்லாரும் வருவார்கள் அல்லவா? கல்யாண ஜோடி, புதுச் சட்டை போட்ட பையன், குதிரை வண்டி வாங்கிய விவசாயி, வாத்தியக் குழு. எல்லாரையும் அவர் கண்ணாடித் தகட்டில் பதிவு செய்தார். ஒருபக்கம் ஜெலட்டினும் வெள்ளி உப்பும் பூசிய தகடு அது. ஃபிலிம் சுருள் பரவலாகும் முன் அதுதான் நெகடிவ். அவர் காலத்துக்குப் பிறகு மிஞ்சிய ஆயிரக்கணக்கான தகடுகள் மாடிசனில் உள்ள விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தின் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எத்தனையோ ஊர்களில் இது நடக்கவில்லை. ஸ்டூடியோவை மூடியதும் பூச்சைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடியை விற்றவர்கள் உண்டு.

காப்பாற்றிய தகட்டைப் பராமரிப்பது பொறுமையான வேலை. விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அமிலம் இல்லாத காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, நீளமான விளிம்பு கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் மேலிருக்கும் பாரத்தில் கீழே உள்ளவை உடைந்துவிடும். ஓரங்களில் நீலம் கலந்த பளபளப்பு ஏறியிருந்தால், பூச்சில் உள்ள வெள்ளி மேலே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் துடைக்கப் போனால் படமும் சேர்ந்து போய்விடும்.

சரி, தகட்டைக் காப்பாற்றியாகிவிட்டது. ஊரின் வரலாற்றைக் காப்பாற்றியாகிவிட்டதா? இல்லை என்பதுதான் என் கருத்து. இதே தகடுகளே அதற்குச் சாட்சி.

1973-ல் ஒரு நூல் வந்தது. வான் ஸ்கைக்கின் படங்களையும், 1890களில் அந்த ஊர்ச் செய்தித்தாளில் வந்த தற்கொலை, தொண்டை அடைப்பான், தீவைப்பு, மனநோய்ச் செய்திகளையும் சேர்த்துத் தொகுத்த நூல். அதைப் பார்த்தவர்களுக்கு ஊரே ஒரு கெட்ட கனவு மாதிரித் தெரிந்தது. படத்தில் இருப்பவர் வேறு, செய்தியில் இருப்பவர் வேறு. ஆனால் பெயர் தெரியாத முகத்தில் எந்தத் துக்கத்தை வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம். அந்தக் காலத்தில் கேமரா முன் சிரிக்காமல் நிற்பதுதான் மரியாதை. இறந்த குழந்தையைப் படம் எடுத்து வைப்பதும் சாதாரண வழக்கம். பல தாய்மாருக்கு அந்தக் குழந்தையின் ஒரே படம் அதுவாகத்தான் இருந்திருக்கும். இது தெரியாதவருக்கு எல்லா முகமும் பித்துப் பிடித்த முகம்தான்.

அப்புறம் 2011-ல் அதே தகடுகளிலிருந்து இன்னொரு நூல் வந்தது. இதில் இருப்பவர்கள் ஹோ-சங்க் மக்கள், அந்த மண்ணின் பூர்வகுடிகள். 19-ஆம் நூற்றாண்டில் அரசாங்கம் அவர்களை அயோவா, மினசோட்டா, டகோட்டா, நெப்ராஸ்கா என்று திரும்பத் திரும்ப நாடு கடத்தியது. அவர்களில் பலர் திரும்பத் திரும்ப நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். 1874-ல்கூட ஒரு கட்டாய வெளியேற்றம் நடந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அதே குடும்பங்கள் வான் ஸ்கைக்கின் ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்திருக்கின்றன. அடுக்கடுக்கான மணிமாலைகள், காது நிறைய வெள்ளித் தோடுகள், ரிப்பன் தைத்த போர்வை, பக்கத்தில் கோட்டும் தொப்பியுமாக ஒரு தம்பி. போக வேண்டும் என்று விரட்டப்பட்ட ஊரில், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று நேராகப் பார்க்கிறார்கள். யாரோ காட்சிப்பொருளாக எடுத்த படங்களாக இவற்றை நினைக்க வேண்டாம். பெரும்பாலும் தங்கள் குடும்பத்துக்காக அவர்களே விரும்பி எடுத்துக்கொண்டவை.

இவற்றில் பல படங்களுக்குப் பெயர் கிடைத்தது ஹோ-சங்க் குடும்பங்களின் நினைவிலிருந்துதான். ஹோ-சங்க் பெயர், ஆங்கிலப் பெயர், யாருக்கு யார் என்ன உறவு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. 1973-ல் பார்த்த அதே கண்ணாடி, அதே ஸ்டூடியோ. பெயர் வந்ததும் அது பேரன் பேத்திகளின் குடும்ப ஆல்பம் ஆகிவிட்டது.

சொல்ல ஆளில்லாத படத்திலும் ஊகிக்க வழி உண்டு. சான்பார்ன் என்ற நிறுவனம் தீக்காப்பீட்டுக்காக அமெரிக்க ஊர்களுக்கு வரைந்த வரைபடங்களில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். படத்தில் உள்ள கடையை அதில் தேடிப் பிடிக்கலாம். பெண்ணின் சட்டைக் கை தோளில் பலூன்போல உப்பியிருந்தால் 1890களின் நடுப்பகுதி. படமே தபால் அட்டையாக அச்சானது என்றால் திருப்பிப் பாருங்கள். தபால்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி 'ஆஸோ' என்ற காகிதப் பெயர் இருந்து, மூலைகளில் உள்ள நாலு முக்கோணமும் மேல்நோக்கி இருந்தால் அந்தக் காகிதம் சுமார் 1904-லிருந்து 1918 வரையிலானது. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் அதற்குப் பிந்தியது.

ஆனால் முக்கோணம் ஆண்டைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அதனால் ஒரு சிற்றூர் நூலகமோ வரலாற்றுச் சங்கமோ கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது என்று என்னைக் கேட்டால், புது ஸ்கேனரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்பேன். கண்ணாடியும் காகிதமும் ஒழுங்காக வைத்தால் இன்னும் பல ஆண்டு காத்திருக்கும். முதலில் படங்களின் நகல்களை எடுத்துக்கொண்டு முதியவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் கூடவே எழுதுங்கள். ஒரே முகத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள், ஒன்றை அடித்துவிட வேண்டாம். காகிதப் படத்தின் பின்னால் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சில், அதுவும் ஓரமாக. பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.