வின்னிபெக் குப்பைக்கிடங்கும் காணாமற்போன பெண்களும்

வணக்கம். காற்று பலமாக வீசுகிறது. ஒலியில் இரைச்சல் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் வின்னிபெக் நகரில் ரெட் ஆற்றின் கரையில் நின்று பேசுகிறேன். இந்த ஊரின் குளிர்காலத்தைப் பற்றிய சென்ற காணொளியில், மானிடோபா மாகாண அரசு ஒரு குப்பைக்கிடங்கைத் தோண்டிப் பார்த்ததைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட ஒருவர், "இறந்துபோனவர்களைக் குப்பையில் தேட இத்தனை கோடி டாலர் செலவழிக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் 2023இல் இந்த மாகாணத்தை ஆண்ட கட்சியே ஏறத்தாழ அதே கேள்வியைத் தேர்தல் விளம்பரமாக அச்சிட்டு வாக்குக் கேட்டது. ஆகவே இன்று அதற்கு மட்டும் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தள்ளி வைத்துவிடுகிறேன். நம்மில் பலர் பள்ளிப் புத்தகத்தில் 'செவ்விந்தியர்' என்று படித்தவர்கள். வழிதவறி வந்த ஒரு மாலுமியின் பிழையும், அடுத்தவரின் தோல் நிறத்தைப் பெயராக்கும் பழக்கமும் சேர்ந்து பிறந்த அந்தச் சொல்லை இங்கே எவரும் தம்மைக் குறிக்கப் பயன்படுத்துவதில்லை. முதற்குடிகள், இன்யுவிட், மெட்டி என்று மூன்று பெரும் பிரிவினர் இந்நாட்டில் இருக்கிறார்கள். பொதுவாகப் பூர்வகுடிகள் என்று சொல்லலாம்.

எங்கள் அடுக்ககத்தின் பின்சந்தில் மூடிபோட்ட பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி ஒன்று நிற்கிறது. அதிகாலையில் வரும் லாரி இரண்டு இரும்புக் கைகளால் அதைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்கும். உள்ளே இருக்கும் அழுத்தி எல்லாவற்றையும் நசுக்கும். இரண்டு நிமிடத்தில் சந்து வெறுமையாகிவிடும். 2022 மே மாதம் 16ஆம் நாள் இந்நகரின் வடக்குப் பகுதியில் அப்படிப்பட்ட தொட்டிகளில் ஒன்றினருகே ரெபெக்கா கொன்டுவா என்ற இளம்பெண்ணின் உடற்பகுதிகள் கிடைத்தன. ஜெரமி ஸ்கிபிக்கி என்பவர் கைது செய்யப்பட்டார். விசாரணையில் தாம் மேலும் மூன்று பெண்களைக் கொன்றதாக அவரே சொன்னார். மோர்கன் ஹாரிஸ், மார்செடிஸ் மைரன் ஆகிய இருவரின் உடல்களும் குப்பை லாரியில் ஏறி, நகருக்கு வடக்கே இருக்கும் பிரேரி கிரீன் கிடங்குக்குப் போய்விட்டன என்று காவல்துறை கணித்தபோது ஒரு மாதத்துக்கும் மேல் ஓடிவிட்டது. நான்காமவர் யார் என்பதே அப்போது தெரியவில்லை. பெயரில்லாத அந்தப் பெண்ணுக்குப் பூர்வகுடி மூத்தோர் மஷ்கோடே பிஜிகிக்வே, அதாவது காட்டெருமைப் பெண், என்று பெயர் சூட்டினார்கள். நால்வரும் பூர்வகுடிப் பெண்கள்.

2022 டிசம்பரில் காவல்துறை, கிடங்கைத் தேட இயலாது என்று அறிவித்தது. அதன்பின் அங்கே பல்லாயிரம் லாரிக் குப்பை கொட்டப்பட்டிருந்தது, கனத்த களிமண் மூடியிருந்தது, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கழிவும் விலங்குக் கழிவும் கலந்திருந்தன. இவை எதுவும் பொய்யல்ல. ஆனால் மோர்கனின் மகள்கள் அதை ஏற்கவில்லை. தலைநகர் ஒட்டாவாவுக்குப் போய் நாடாளுமன்ற வளாகத்தில் நின்று, காணாமற்போனவர் வேறு குடும்பத்துப் பெண்ணாக இருந்தால் இதே பதிலைச் சொல்வீர்களா என்ற பொருளில் கேட்டார்கள். மத்திய அரசின் நிதியில், பூர்வகுடித் தலைவர்களின் பொறுப்பில் ஒரு சாத்தியக்கூற்று ஆய்வு நடந்தது. தேடலாம், ஆனால் மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம், 8.4 கோடி முதல் 18.4 கோடி டாலர் வரை செலவாகலாம் என்று 2023இல் அதன் அறிக்கை சொன்னது. அப்போதைய மாகாண முதல்வர் ஹெதர் ஸ்டெஃபன்சன், தேடும் தொழிலாளர்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று காரணம் சொல்லி மறுத்தார். அந்த ஆண்டு இலையுதிர்காலத் தேர்தலில் 'உறுதியாக நில்லுங்கள்' என்ற தலைப்பில் விளம்பரப் பலகைகள் எழுந்தன. எதில் உறுதியாக நிற்க வேண்டும் என்றால், குப்பைக்கிடங்கைத் தோண்டக் கூடாது என்பதில். அந்தப் பலகைகளில் ஒன்றைக் கடந்துதான் அந்தச் செப்டம்பர் முழுவதும் வேலைக்குப் போனேன். எனக்குப் பின்னால் கண்ணாடி மலைபோலத் தெரிகிறதே, அது மனித உரிமைகளுக்கான கனடிய அருங்காட்சியகம். அந்தக் கோடையில் குடும்பத்தினரும் ஆதரவாளர்களும் அதன் அருகில்தான் கூடாரம் அடித்து மார்செடிஸின் பெயரால் ஒரு முகாம் நடத்தினார்கள்.

2023 அக்டோபர் 3இல் அந்தக் கட்சி தோற்றது. கனடாவில் ஒரு மாகாணத்தின் முதல்வரான முதல் முதற்குடியினர் என்ற பெயருடன் வாப் கினு பதவிக்கு வந்தார். அடுத்த மார்ச்சில் மத்திய அரசும் மாகாண அரசும் தலா 2 கோடி டாலர் ஒதுக்கின. கொலையாளி நான்கு முதல்நிலைக் கொலைக் குற்றங்களிலும் குற்றவாளி என்று 2024 ஜூலையில் தீர்ப்பானது. டிசம்பரில் தேடுபணி தொடங்கியது. இயந்திரங்கள் வாரி எடுத்த குப்பையை ஒரு கொட்டகைக்குள் கொண்டுபோய்த் தரையில் பரப்பி, பாதுகாப்பு உடையணிந்த பணியாளர்கள் கையாலேயே கிளறிப் பார்த்தார்கள். வெளியே உறைபனி. 2025 பிப்ரவரி இறுதியில் மனித எச்சங்கள் தென்பட்டன. மார்ச் மாதத்தில் முதலில் மோர்கனும், சில நாட்களில் மார்செடிஸும் அடையாளம் காணப்பட்டார்கள்.

மூன்று ஆண்டு ஆகலாம் என்று அஞ்சிய வேலை மூன்று மாதங்களில் அவர்களைக் கண்டெடுத்தது. ஆய்வின் மேல்வரம்பில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான தொகையை வைத்துக்கொண்டுதான் அதைத் தொடங்கினார்கள். களிமண் அப்படியேதான் இருந்தது, கல்நார் அப்படியேதான் இருந்தது, அவற்றுக்குப் பொருத்தமான உடையும் முறையும் ஏற்பாடு செய்யப்பட்டன, அவ்வளவுதான். எனவே 2022இல் 'இயலாது' என்று சொன்னதை நான் பொறியியல் முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. 'வேண்டாம்' என்பதை மரியாதையாகச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். முன்பு ஆண்ட கட்சியின் இடைக்காலத் தலைவரும் அந்த மார்ச்சில் மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

இந்த 'வேண்டாம்' புதிதல்ல. 2014 ஆகஸ்டில் இதே ஆற்றிலிருந்து டினா ஃபொன்டேன் என்ற பதினைந்து வயதுச் சிறுமியின் உடல், கற்களைக் கட்டிய போர்வைக்குள் சுற்றப்பட்ட நிலையில் வெளியே எடுக்கப்பட்டது. காவல்துறை தேடிக்கொண்டிருந்தது வேறொருவரை. காணாமற்போவதற்கு முந்தைய ஒரே நாளுக்குள் அந்தப் பெண்ணைக் காவலர்களும் பார்த்திருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் பணியாளர்களும் பார்த்திருக்கிறார்கள், குழந்தைகள் நலத்துறையும் பார்த்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் 2018இல் விடுதலையானார். அந்தக் கொலைக்கு இன்றுவரை எவரும் தண்டனை பெறவில்லை. டினா கிடைத்த அடுத்த மாதமே இவ்வூர் மக்கள் படகுகளில் கொக்கிகளைக் கட்டித் தாங்களாகவே ஆற்றடியை அரிக்கத் தொடங்கினார்கள். 'டிராக் தி ரெட்' என்பது அவர்களின் பெயர். அரசு செய்ய வேண்டிய வேலையைச் சாதாரண மக்கள் கொக்கியும் கயிறுமாகச் செய்த அந்தக் காட்சியே என்னை இந்தப் பொருளின் பக்கம் இழுத்தது.

அதே 2014இல் கனடிய மத்தியக் காவல்துறை ஒரு கணக்கை வெளியிட்டது. 1980 முதல் 2012 வரை கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் 1,017 பேர். காணாமற்போனவர்கள் 164 பேர். நாட்டின் பெண்களில் நூற்றுக்கு நாலு பேராக இருந்தவர்கள், கொலையுண்ட பெண்களில் நூற்றுக்குப் பதினாறு பேராக இருந்தார்கள். அன்றைய பிரதமர் ஸ்டீவன் ஹார்ப்பர், இது சமூகச் சிக்கலல்ல, குற்றச் சிக்கல் என்று சொல்லித் தேசிய விசாரணையை மறுத்தார். ஆட்சி மாறிய பின் 2016இல் மேரியன் புல்லர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 2019 ஜூன் 3இல் வந்த அதன் இறுதி அறிக்கை, நடந்ததை இனப்படுகொலை என்றே பெயரிட்டு, நீதிக்கான 231 அழைப்புகளை முன்வைத்தது. பரிந்துரைகள் என்று சொல்லவில்லை. இவை அரசின் சட்டக் கடமைகள் என்று ஆணையம் அழுத்தமாக எழுதியது. நான்கு ஆண்டுகள் கழித்துக் கனடிய ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது, முழுமையாக நிறைவேறியவை இரண்டே இரண்டு.

231 என்ற எண் பெரிதாகத் தோன்றலாம். ஒரே ஒரு பேருந்தின் கதையைக் கேளுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரின்ஸ் ஜார்ஜுக்கும் பிரின்ஸ் ரூப்பர்ட்டுக்கும் இடையே எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் 16ஆம் எண் நெடுஞ்சாலைக்குக் கண்ணீர் நெடுஞ்சாலை என்று பெயர். வழியிலுள்ள குடியிருப்புகளில் கார் இல்லாத பெண்கள் மருத்துவரிடம் போகவும் வேலைக்குப் போகவும் சாலையோரம் நின்று கைகாட்டி, யாரோ ஒருவரின் வண்டியில் ஏறுவார்கள், சிலர் திரும்பவில்லை. 2006இல் கூடிய மாநாடு 33 பரிந்துரைகளைத் தந்தது. ஊர்களை இணைக்கும் பேருந்து விடுங்கள் என்பது அவற்றில் ஒன்று. பேருந்து வந்தது 2017இல். எந்தச் சட்டத் திருத்தமும் தேவைப்படாத, ஓட்டுநரும் டீசலும் மட்டுமே தேவைப்பட்ட ஒரு வேலைக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. கைப்பேசி அலை கிடைக்காத பகுதிகளில் கோபுரங்கள் நிறுத்தும் அறிவிப்பு அதற்கும் பிறகு, 2021இல்தான் வந்தது.

இந்த ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடி வருவது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஃபார்கோ நகரத்தைக் கடந்துதான் இங்கே வருகிறது. 2017இல் அங்கே சவானா லாஃபொன்டேன் கிரேவிண்ட் என்ற 22 வயதுக் கர்ப்பிணி கொல்லப்பட்டு, உடல் இதே ஆற்றில் கிடைத்தது. அந்தப் பெண்ணின் பெயரால் 2020 அக்டோபரில் அமெரிக்காவில் சவானா சட்டம் வந்தது. பூர்வகுடியினர் காணாமற்போனால் எப்படிப் பதிவு செய்வது, எந்தத் துறை எதைச் செய்வது என்பதை ஒழுங்குபடுத்துவதே அதன் நோக்கம். ஏன் பதிவில் தொடங்க வேண்டியிருந்தது என்றால், 2016இல் காணாமற்போன பூர்வகுடிப் பெண்கள் குறித்துக் காவல் தரவுத்தளத்தில் 5,712 பதிவுகள் இருந்தன, நீதித்துறையின் காணாமற்போனோர் தரவுத்தளத்திலோ 116 மட்டுமே இருந்தன. இதற்கு மேல், பூர்வகுடி நிலத்தில் வெளியார் ஒருவர் குற்றம் செய்தால் பூர்வகுடி நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2013 முதல் வந்த திருத்தங்கள் அதில் சில விலக்குகளை மட்டுமே உண்டாக்கின. சவானா சட்டத்தோடு ஒரே நாளில் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட இன்னொரு சட்டத்தின்படி ஓர் ஆணையம் அமைந்து, 2023 நவம்பரில் அறிக்கை தந்தது. 2025 பிப்ரவரியில், அவருடைய இரண்டாம் ஆட்சியில், அந்த அறிக்கை நீதித்துறையின் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது.

கனடாவில் இப்போது பேசப்படுவது சிவப்பு ஆடை எச்சரிக்கை. குழந்தை கடத்தப்பட்டால் எல்லோருடைய கைப்பேசியும் அலறுமே, அதுபோலப் பூர்வகுடிப் பெண் காணாமற்போனதும் செய்தி போக வேண்டும் என்பது திட்டம். வின்னிபெக் நாடாளுமன்ற உறுப்பினர் லியா கசான் முன்னெடுத்தார். 2024 மே மாதம் மானிடோபாவில் முன்னோடித் திட்டமாக அறிவிக்கப்பட்டது. நான் இதை ஆதரிக்கிறேன். முதல் சில மணி நேரம் போய்விட்டால் பிறகு குப்பைக்கிடங்கைத்தான் தோண்ட வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு இன்னும் ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. காட்டெருமைப் பெண் என்று மூத்தோர் பெயர் வைத்தார்களே, அவர் யார் என்று 2025 மார்ச் இறுதியில் தெரிந்தது. ஆஷ்லி ஷிங்கூஸ், மானிடோபாவின் வடகிழக்கில் இருக்கும் செயின்ட் தெரசா பாயிண்ட் என்ற முதற்குடி ஊரைச் சேர்ந்தவர். மூன்று ஆண்டுகளாக அவருடைய குடும்பம் அவரை உயிரோடு தேடிக்கொண்டிருந்தது. அவருடைய உடல் பிரேரி கிரீனுக்குப் போகவில்லை, நகரின் தெற்கே இருக்கும் பிரேடி சாலைக் குப்பைக்கிடங்குக்குப் போயிருக்கும் என்று காவல்துறை கருதியது. அங்கேயும் தேடுவோம் என்று முதல்வர் கினு அன்றே சொன்னார். இந்த முறை விளம்பரப் பலகை எதுவும் எழவில்லை.