பணம் போட்டவரை ஏன் திட்டுகிறார்கள்? – பிளாக்பர்ன் ரோவர்ஸ் பற்றிய கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி நாமக்கல்லிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் கோழிப்பண்ணைத் தொழிலில் இருக்கிறாராம். அப்படியே வாசிக்கிறேன்: "இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பை நம் நாட்டு வெங்கீஸ் நிறுவனம் வாங்கியிருக்கிறது. இதுவரை 20 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்திருக்கிறார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். ஒருவர் கைக்காசைப் போட்டு நஷ்டத்தில் கிளப்பை நடத்துகிறார், ரசிகர்கள் அவரையே வெளியே போ என்கிறார்கள். இது நன்றிகெட்டத்தனம் இல்லையா? இந்தியர் என்பதால் வந்த வெறுப்பா? பிடிக்கவில்லை என்றால் வேறு கிளப்பை ஆதரிக்க வேண்டியதுதானே?"

ஒரே மூச்சில் மூன்று கேள்வி. நாமக்கல்லிலிருந்து இது வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. உங்கள் ஊரில் முட்டை விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை 1982-இல் உருவாக்கிய பி.வி.ராவ்தான் வெங்கீஸ் குழுமத்தையும் தொடங்கியவர். அவருடைய மகள் அனுராதா தேசாய், மகன்கள் வெங்கடேஷ், பாலாஜி ஆகியோரின் காலத்தில்தான் இந்தக் கிளப் வாங்கப்பட்டது. தொழிலில் அந்தக் குடும்பத்துக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும். அதே பெயரை பிளாக்பர்ன் இருக்கும் லங்காஷயர் வட்டாரத்தில் சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பார். அது எப்படி நேர்ந்தது என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பணம் போடவில்லை என்று அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. 2010 நவம்பரில் 2 கோடியே 30 லட்சம் பவுண்டு கொடுத்து, கிளப்பின் கடனையும் ஏற்றுக்கொண்டு வாங்கினார்கள். அதன்பிறகு ஆண்டுதோறும் விழும் பள்ளத்தை அடைத்துக்கொண்டும் வருகிறார்கள். ரசிகர்களுக்கும் இது தெரியும், மறுப்பதில்லை. அவர்களுடைய கோபம் அந்தப் பணத்தை வைத்து யார் முடிவெடுக்கிறார்கள், கேட்டால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

வெங்கீஸுக்கு முந்தைய உரிமையாளரைத் தெரிந்துகொண்டால்தான் இது விளங்கும். ஜாக் வாக்கர் பிளாக்பர்னிலேயே பிறந்தவர். இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர், தொழிலை விற்ற பணத்தோடு 1991-இல் தன் ஊர் கிளப்பைக் கையில் எடுத்தார். அப்போது அது இரண்டாம் டிவிஷனில் இருந்தது. கென்னி டால்கிளிஷை மேலாளராக, அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளராக, கொண்டுவந்தார், வீரர் ஆலன் ஷியரரை வாங்கினார், மைதானத்தை இடித்துக் கட்டினார். 1994-95 பருவத்தில் ஷியரர் 34 கோல் அடித்தார், கோப்பை பிளாக்பர்னுக்கு வந்தது. சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் வாழும் பழைய பஞ்சாலை நகரம், மான்செஸ்டர் யுனைடெட்டை முந்தி, இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கை வென்றது. வாக்கர் 2000-இல் இறந்த பிறகு அவருடைய அறக்கட்டளை பத்தாண்டு காலம் கிளப்பைப் பார்த்துக்கொண்டது. பின்பு மேற்கொண்டு பணம் போட விருப்பமில்லாமல் விற்றது.

வெங்கீஸ் வாங்கியபோது மேலாளர் சாம் அலர்டைஸ். ஆட்டம் கண்ணுக்கு அழகாக இருக்காது, ஆனால் அணியைக் கீழே விழ விடமாட்டார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அணி 13-ஆம் இடத்தில் இருந்தது, அவரை நீக்கினார்கள். அந்த இடத்துக்கு அதுவரை எங்கும் தலைமை மேலாளராக இருந்திராத உதவிப் பயிற்சியாளர் ஸ்டீவ் கீன் வந்தார். ரொனால்டினோ வருவார், பெக்கம் வருவார் என்று பேச்சு அடிபட்டது. வரவில்லை. வீரர்கள் உடைமாற்றும் அறையில் வரிசையாக உட்கார்ந்து கோழிக்கால் கடிக்கும் விளம்பரம்தான் வந்தது. கிளப்பைப் பல ஆண்டுகள் நடத்திவந்த நிர்வாகத் தலைவர் விலகிப் போனார். வீரர்களில் ஃபில் ஜோன்ஸ் விற்கப்பட்டார், சாம்பா விற்கப்பட்டார்.

2012 மே 7, கொட்டும் மழை. சொந்த மைதானமான ஈவுட் பார்க்கில் விகன் அணிக்கு எதிரான ஆட்டம், தோற்றால் பிரீமியர் லீக்கிலிருந்து வெளியே. ஆட்டத்தின் நடுவே யாரோ ஒரு உயிர்க்கோழிக்குக் கிளப் கொடியைப் போர்த்தி மைதானத்துக்குள் விட்டுவிட்டார்கள். அது புல்லில் அங்குமிங்கும் ஓடிய காட்சியை உலகமே பார்த்துச் சிரித்தது. கடைசி நிமிடங்களில் விகனின் அல்கராஸ் தலையால் முட்டி கோல் போட்டார், கதை முடிந்தது. கோழியை விட்டதை நான் சரி என்று சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டாகக் கத்தியும் யாரும் காது கொடுக்காத ஒரு கூட்டம் கடைசியில் என்ன செய்யும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய வேடிக்கை அடுத்த பருவத்தில் நடந்தது. கீன் போனார். மலேசியாவில் தொலைக்காட்சி விமர்சகராக இருந்த ஷெபி சிங் உலகளாவிய ஆலோசகர் என்ற பதவியில் வந்து அமர்ந்திருந்தார். பழைய வீரர் ஹென்னிங் பெர்க்கை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மேலாளராக்கினார்கள், 57 நாளில் அனுப்பினார்கள். அடுத்து வந்த மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். பெர்க் மீதி ஒப்பந்தத் தொகையைக் கேட்டு நீதிமன்றம் போனார். கிளப் முதலில் தரவேண்டியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. பிறகு பல்டி அடித்து, எங்கள் நிர்வாக இயக்குநருக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் போடவே அதிகாரம் இல்லை என்று வாதாடியது. நீதிபதி ஏற்கவில்லை, 22 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு கட்டச் சொன்னார்.

நீங்கள் தொழில் செய்கிறவர், இதை யோசித்துப் பாருங்கள். ஒரு நிறுவனம் தன் நிர்வாக இயக்குநர் போட்ட கையெழுத்து செல்லாது என்று தானே நீதிமன்றத்தில் சொல்கிறது. அப்படியானால் அங்கே யாருடைய கையெழுத்துதான் செல்லும்? பிளாக்பர்ன் ரசிகர்கள் 2010 முதல் கேட்டுக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான். புனேயில் இருக்கும் உரிமையாளர்கள் மைதானத்துக்கு வருவதில்லை, பேட்டி கொடுப்பதில்லை. எப்போதாவது ஓர் அறிக்கை வரும், அதோடு சரி.

2016-இல் ஓவன் காயிலை மேலாளராக்கினார்கள். அவர் பக்கத்து ஊர் எதிரியான பர்ன்லியின் முன்னாள் மேலாளர். அந்த முடிவை ரசிகர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. அவர் பாதியிலேயே போனார், ஆனால் சேதம் நடந்துவிட்டது. 2017 மே 7, அதே தேதி, கடைசி ஆட்டத்தில் பிரென்ட்ஃபோர்டை 3-1 என்று வென்றும் கோல் வித்தியாசத்தில் மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்தார்கள். பிரீமியர் லீக்கை வென்ற அணி ஒன்று அங்கே விழுந்தது அதுவே முதல்முறை. அதே பருவத்தில் பர்ன்லி பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. மேலாளர் டோனி மௌப்ரே ஒரே ஆண்டில் அணியை மேலே கொண்டுவந்தார், அந்த நன்றி ரசிகர்களுக்கு இன்றும் உண்டு.

சரி, அதெல்லாம் பழங்கதை என்பீர்கள். அண்மைக் கதைக்கு வருவோம். 2023 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியின் வீரர் லூயிஸ் ஓபிரையனைக் கடனாக எடுக்கப் பேசி முடித்தார்கள். காகிதங்கள் நேரம் கடந்து போனதால் லீக் ஏற்கவில்லை. அந்தப் பருவ முடிவில் இரண்டாம் டிவிஷனில் 69 புள்ளியோடு ஏழாம் இடம். ஆறாம் இடத்துக்கு வந்திருந்தால் பிரீமியர் லீக்குக்குப் போவதற்கான கடைசி வாய்ப்பான பிளே-ஆஃப் ஆடியிருக்கலாம். ஆறாவதாக வந்த சண்டர்லாந்துக்கும் அதே 69 புள்ளி, கோல் வித்தியாசம்தான் அதிகம். சண்டர்லாந்தின் மேலாளர் யார் தெரியுமா? பிளாக்பர்ன் ஓராண்டுக்கு முன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்ட அதே மௌப்ரே! அடுத்த ஜனவரியில் அமெரிக்க வீரர் டங்கன் மெக்வையர் விஷயத்திலும் காகிதத்தில் கோளாறு, அவரும் கிடைக்கவில்லை. ஒருமுறை என்றால் விதி என்று விட்டுவிடலாம், அடுத்த ஆண்டே மறுபடியும் என்றால் அதை என்னவென்று சொல்வது? 2025 பிப்ரவரியில் அணி ஐந்தாம் இடத்தில் இருந்தபோது மேலாளர் ஜான் யூஸ்டஸ் கிளம்பினார். எங்கே? கீழே விழும் அபாயத்தில் 22-ஆம் இடத்தில் கிடந்த டார்பி கவுண்டிக்கு. மேலே போகும் வாய்ப்புள்ள அணியை விட்டு ஒருவர் அங்கே போகிறார் என்றால் உள்ளே நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ரசிகர்கள் கணக்குப் போடத்தானே செய்வார்கள்.

பணம் தருகிறார்களே என்றீர்கள், அதிலும் ஒரு சிக்கல் வந்தது. இந்தியாவில் அமலாக்கத் துறையின் விசாரணை ஒன்று நடப்பதால், இங்கிருந்து கிளப்புக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. வழக்கின் முடிவு என்ன என்பது நீதிமன்றத்தின் பாடு, நான் அதற்குள் போகவில்லை. நடைமுறையில் நிகழ்ந்ததை மட்டும் சொல்கிறேன். லங்காஷயரில் ஒரு ஓய்வுபெற்ற மனிதர், டெல்லியில் நம் வழக்கு இன்று எடுக்கப்பட்டதா, வாய்தாவா என்று உள்ளூர்ப் பத்திரிகையில் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. நம் ஊர் வாய்தாவின் அருமை நமக்குத் தெரியும், அவர்களுக்கு அது புதிது. இதற்கிடையே ஆடம் வார்ட்டனை கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள், 2023-24-இல் லீக்கில் 27 கோல் அடித்த ஸ்மாடிக்ஸையும் விற்றார்கள்.

இந்தியர் என்பதாலா என்ற கேள்வி நியாயமானது. கூட்டத்தில் சிலர் அசிங்கமாகப் பேசியிருப்பார்கள், இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதே லங்காஷயரில் கடற்கரை ஓரம் பிளாக்பூல் இருக்கிறது. அந்த ஊர்க் கிளப்பின் முன்னாள் உரிமையாளர் ஓவன் ஆய்ஸ்டன் வெள்ளைக்கார ஆங்கிலேயர், உள்ளூர்ச் செல்வந்தர். அவருக்கு எதிராக ரசிகர்கள் பல ஆண்டுகள் சொந்த மைதானத்துக்குள்ளேயே காலடி வைக்கவில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில், அதை வாங்கிய அமெரிக்கக் கிளேசர் குடும்பத்துக்கு எதிரான முழக்கம் 2005 முதல் ஓயவில்லை. நியூகாசிலில் முன்னாள் உரிமையாளர் மைக் ஆஷ்லி வாங்காத திட்டா? நிறத்தைக் காரணம் காட்டி இந்தக் கோபத்தை ஒதுக்கினால், வெங்கீஸ் பதில் சொல்லவேண்டிய கேள்விகள் அப்படியே நின்றுவிடும்.

வேறு கிளப்பை ஆதரிக்கச் சொல்கிறீர்கள். தீவனம் சரியில்லை என்றால் நீங்கள் வேறு கம்பெனிக்கு மாறுவீர்கள், சரி. தாத்தா, அப்பா என்று மூன்று தலைமுறை ஒரே இருக்கை வரிசையில் உட்கார்ந்த குடும்பம் எங்கே மாறும், பர்ன்லிக்கா? 1875-இல் தொடங்கிய கிளப் அது, 1888-இல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கிளப்களில் ஒன்று. அந்த 1875-ஐ வைத்தே 2016-17 பருவத்தில் ஒரு போராட்டம் நடத்தினார்கள். ஆட்டத்தின் 18-ஆம் நிமிடத்தில் உள்ளே வருவது, 75-ஆம் நிமிடத்தில் எழுந்து போய்விடுவது. டிக்கெட் வாங்கிவிட்டு ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பார்க்காமல் இருக்கிறார்கள் என்றால் அவர்களுடைய இக்கட்டு புரிகிறதா? டிக்கெட் வாங்கினால் உரிமையாளருக்குத் தெம்பு, வாங்காவிட்டால் கிளப்புக்கு நட்டம். 31 ஆயிரம் பேர் உட்காரும் ஈவுட் பார்க்கில் இப்போது பல ஆட்டங்களுக்குப் பாதி இருக்கை காலியாகவே கிடக்கிறது. கத்த வருகிறவர்களைவிட வராமல் போனவர்கள்தான் எனக்குக் கவலை தருகிறார்கள், அவர்களைத் திரும்ப அழைத்துவருவது கடினம்.

அப்படியானால் விற்றுவிட்டுப் போகலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். புலிவாலைப் பிடித்த கதைதான். போட்ட 20 கோடி பவுண்டை எந்த வாங்குபவரும் தரமாட்டார், கையை விட்டாலோ அத்தனையும் போச்சு. ரசிகர்களுக்கும் ஒரு பயம் உண்டு, வெளியே அதிகம் சொல்வதில்லை. பக்கத்திலேயே பரி கிளப் இருந்தது, 1885-இல் பிறந்தது. 2018-இல் ஒருவர் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார், 2019 ஆகஸ்டில் லீக் அதை வெளியேற்றியது. வெங்கீஸ் அந்த நிலைக்கு விடவில்லை, சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். இதை நான் அவர்கள் கணக்கில் வரவு வைப்பேன், கோபத்தில் இருக்கும் பிளாக்பர்ன் நண்பர்கள் என்னைத் திட்டினாலும் சரி.

அவர்கள் கேட்க விரும்பாத இன்னொன்றும் உண்டு. ஜாக் வாக்கர் காலத்திலும் அந்தக் கிளப் ஒரே மனிதரின் பையை நம்பித்தான் நின்றது. டிக்கெட் காசிலோ உள்ளூர் வருமானத்திலோ அந்த உயரத்துக்குப் போகவில்லை. பை வைத்திருந்தவர் அந்த ஊர்க்காரர், நல்லவர் என்பதால் அப்போது யாரும் கேட்கவில்லை. அவருக்குப் பின் அந்த இடத்துக்கு யார் வருவார் என்று தீர்மானிக்க ரசிகர்களுக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்களில் உறுப்பினர்களுக்கே பெரும்பான்மை வாக்கு இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கிலாந்தில் அப்படி இல்லை.

2025 ஜூலையில் பிரிட்டனில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது. முதல் ஐந்து டிவிஷன் கிளப்களுக்கும் தனி ஒழுங்குமுறை அமைப்பு, உரிமம் உண்டு. உரிமையாளரின் தகுதியை அது சோதிக்கலாம். மைதானத்தை இஷ்டத்துக்கு விற்க முடியாது, சின்னத்தையோ நிறத்தையோ ரசிகர்களைக் கேட்காமல் மாற்ற முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் மைதானத்துக்கு வா, கேள்விக்குப் பதில் சொல் என்று புனேயில் இருப்பவரை அது இழுத்துவராது. மோசமாக நடத்துவது குற்றமும் ஆகாது. பிளாக்பூலில்கூட ரசிகர்களின் புறக்கணிப்பு ஆய்ஸ்டனை நேரடியாக அசைக்கவில்லை. அவருடைய பழைய கூட்டாளி தொடுத்த வழக்கில் பெருந்தொகை கட்டும்படி தீர்ப்பு வந்தது, கட்ட முடியாமல் 2019-இல் நிர்வாகம் நீதிமன்றம் நியமித்தவரிடம் போனது. அடுத்த மாதமே ரசிகர்கள் திரும்பி வந்து மைதானத்தை நிறைத்தார்கள்.

பிளாக்பர்னில் அப்படி ஒரு கூட்டாளியும் இல்லை, அவர் தொடுக்கும் வழக்கும் இல்லை. ஆகவே வெங்கீஸ் தாமாக விற்கிற வரை இது இப்படியேதான் போகும் என்பது என் கணிப்பு ஐயா. நல்ல கேள்வி கேட்டதற்கு நன்றி. அடுத்த கேள்வி, ஆஃப்சைடு விதியைப் பற்றி கோவையிலிருந்து வந்திருக்கிறது, அதைப் பார்ப்போம்.