யானைய யானையாக்குறது ஊருதான்

நடுவர் ஐயாவுக்கும் யாங்கோன் தமிழ்ச் சொந்தங்களுக்கும் எதிரணிக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா வந்துடுறேன்.

ராப் பேட்டில், அதாவது ரெண்டு பேரு மேடைல நேருக்கு நேர் நின்னு ராப் வரிலயே மோதிக்கிற போட்டி, அதுல ஜெயிக்க வைக்கிறது எழுதி வச்ச வரியா, இல்ல சொந்த ஊர்க் கூட்டமும் மேடைத் தோரணையுமா? நாங்க கூட்டத்துப் பக்கம். எனக்கு முன்னாடி பேசின அண்ணன் "கூட்டத்த நம்பி மேடை ஏறுறவன் தன்னூருக்கு யானை, அசலூருக்குப் பூனை"ன்னு சொல்லிட்டு உக்காந்தாரு, நீங்களும் கைதட்டுனீங்க. அண்ணே, கைதட்டுனது யாரு? முதல் ரெண்டு வரிசை, முழுக்க உங்க தெரு ஆளுங்க, நானும் பாத்தேன்! அதே பழமொழிய இங்கருந்து ரெண்டு தெரு தள்ளி டீக்கடைல உக்காந்திருக்குற பர்மாக்காரங்ககிட்ட போய் சொல்லிப் பாருங்க. வரி அதேதான், குரலும் அதேதான், ஒரு கை தட்டுமா? அப்ப உங்கள இந்த அஞ்சு நிமிஷம் யானையா நிக்க வச்சது வரியா, இந்த ஊரா?

2012, நியூயார்க். சம்மர் மேட்னஸ் 2ன்னு ஒரு ராப் பேட்டில் நிகழ்ச்சி. டெட்ராய்ட்ல இருந்து கேலிகோ வர்றாரு, லேசுப்பட்ட ஆளில்ல. எதிர்ல லோடட் லக்ஸ், ஹார்லெம்காரரு, அவருக்கு சொந்த ஊரு. லக்ஸ் எப்படி வந்தாரு தெரியுமா? கோட்டு சூட்டு போட்டு, கூடவே சவப்பெட்டி, இறுதி ஊர்வலம்! எதிராளி உசுரோட நிக்கிறாரு ஐயா, கண்ணு முழிச்சு நிக்கிறாரு, அவருக்குப் பெட்டி வருது! இன்னும் ஒத்த வரி சொல்லல, கூட்டம் பாதிச் சண்டைய ஜெயிச்சுக் குடுத்துருச்சு. திரும்ப சொல்றேன், உசுரோட நிக்கிற ஆளுக்குப் பெட்டி! அதயே டெட்ராய்ட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா, தூக்கிட்டு வந்தவரயே அதுல படுக்க வச்சு அனுப்பியிருப்பாங்க. லக்ஸ்கிட்ட வரி இல்லன்னு நான் சொல்லல, அருமையான வரிகாரர்தான், ஆனா அந்த மாதிரி மேடைல பெரும்பாலும் பின்னணித் தாளம், அதான் பீட்டு, அதே கிடையாது, வெறும் குரல், கூட்டம் கத்துற நேரத்துலதான் மூச்சு வாங்கி அடுத்த வரிய எடுக்க முடியும், கத்தலன்னா அந்த அமைதிலதான் வரி மறக்கும், அதுக்கு சோக்னு பேரு.

நம்ம நாட்டு தன்ஜாட்ட எடுத்துக்கோங்க, திஞ்ஜான் தண்ணித் திருவிழால ஒருத்தர் வரி எடுக்க மத்தவங்க சேர்ந்து பதில் போடுவாங்களே, பல வருஷம் தடையில கிடந்து 2013ல திரும்ப வந்துச்சே. பதில் போட ஆளில்லன்னா அது பாட்டே இல்லீங்க. நம்ம ஊர் எசப்பாட்டும் அதுதானே?

என் தம்பி மோல்மேன் ஊருப் பையன். பர்மிய மொழில ராப் பண்ணுவான். யாங்கோன்ல ஒரு போட்டி, எதிர்ல உள்ளூர்ப் பையன், அவன் வாயத் திறந்தாலே கூரை அதிருது. ரெண்டாவது ரவுண்டுல தம்பி நின்னுட்டான். வரி வரல. உதடு மட்டும் ஆடுது, மைக்க ரெண்டு கையால பிடிச்சிருக்கான். அப்ப கடைசி வரிசைல எங்க அப்பா எந்திரிச்சாரு. ராத்திரி பஸ்ல வந்தவரு, கசங்கின கைலி, ராப்னா என்னன்னே தெரியாது. "சொல்லுய்யா, அப்பா இருக்கேன்!"னு தமிழ்ல கத்திட்டு தனியா கைதட்ட ஆரம்பிச்சாரு. மொத்த ஹாலும் திரும்பிப் பாக்குது, அவரு நிறுத்தல. தம்பி நிமிர்ந்தான். விட்ட இடத்துல இருந்து பிடிச்சு முடிச்சான். போட்டில தோத்துட்டான், அத நான் மறைக்கல.

அப்பா போன வருஷம் தவறிட்டாரு. இன்னிக்கு நான் பேசுறேன்னு தம்பி வந்திருக்கான். முன்னாடி வந்து உக்காருடான்னேன், வரல. அதோ, கடைசி வரிசைலதான் இருக்கான். "நீ பேசுண்ணே, நான் இருக்கேன்"னான்.

நன்றி, வணக்கம்.